முள்ளங்கி முளை, மைக்ரோகிரீன்: பாட்டிலில் புளித்த வாடை, தட்டில் வெள்ளைப் பஞ்சு. எங்கே தவறு?

சன்னலோரம்:

வணக்கம். முள்ளங்கி விதையை ஒரே சமயத்தில் இரண்டு விதமாகப் போட்டேன்: பாட்டிலில் முளை, தட்டில் மைக்ரோகிரீன் (தண்டும் இலையுமாக வெட்டிச் சாப்பிடும் இளஞ்செடி). இரண்டும் சரிவரவில்லை. செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

பாட்டில்: 1 லிட்டர் கண்ணாடி பாட்டில், 60 கிராம் விதை, 12 மணி நேர ஊறல். தண்ணீரை வடித்து, மூடியைத் தளர்வாக வைத்து, நிமிர்த்தியபடியே அலமாரிக்குள் வைத்தேன். தினம் ஒரு தடவை அலசல். மூன்றாம் நாள் புளித்த வாடை, விதை மேல் வழவழப்பு. பாதிக்குச் சற்று மேல்தான் முளைத்திருந்தது.

தட்டு: 20 × 15 செ.மீ பிளாஸ்டிக் டப்பா, அடியில் ஓட்டை கிடையாது. 3 செ.மீ உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள். 20 கிராம் விதையைத் தூவி, மேலே அரை செ.மீ நார்த்தூள் போட்டு மூடி, தினம் இரண்டு வேளை ஸ்பிரே. இரண்டாம் நாளே வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வந்தது. ஐந்தாம் நாள் நடுவில் ஒரு வட்டம் மட்டும் சாய்ந்து, தண்டின் அடி பழுப்பாகிவிட்டது. நிற்பவையும் ஒல்லியாக, மஞ்சளாக இருக்கின்றன. பல இலைகளின் உச்சியில் விதைத்தோல் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கிறது. அறை வெப்பம் 29, 30 டிகிரி செல்சியஸ்.

தோட்டத்துக்கென்று விற்கும் பாக்கெட் விதை. ஊறிய தண்ணீர் லேசாக இளஞ்சிவப்பாக இருந்தது, விதையின் நிறம்தான் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளைப் பஞ்சு பூஞ்சணமா? விதை அளவு சரியா? இரண்டில் எதை முதலில் பழகுவது நல்லது?

ஈரமண்:

மற்றதெல்லாம் அப்புறம். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதில் பெரிய விஷயமே அதுதான்.

முள்ளங்கி விதை இயல்பில் செம்பழுப்பு நிறம். ஊறினால் தண்ணீர் வெளிர் மஞ்சளாகவோ இலேசான பழுப்பாகவோ மாறும். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் இறங்கினால் அது விதை நேர்த்தி செய்த விதை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தைரம், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லிகளைப் பூசும்போது, அந்த விதை தவறிப்போய் உணவில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே நிறம் சேர்க்கிறார்கள். மண்ணில் விதைத்து வாரக்கணக்கில் காத்திருந்து கிழங்கு எடுப்பதற்கான விதை அது. முளையிலோ விதைத்தோல் உட்பட முழுதும் வாய்க்குள் போகிறது. மைக்ரோகிரீனில் தண்டை மட்டும் வெட்டினாலும், விதைத்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தோல் வேறு இலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறீர்கள். நன்றாகக் கழுவினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

பாட்டில், தட்டு இரண்டில் இருப்பதையும் சாப்பிடாதீர்கள், கால்நடைக்கோ கோழிக்கோ போடாதீர்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சன்னலோரம்:

பார்த்தேன். மிகச் சிறிய எழுத்தில் "விதை நேர்த்தி செய்யப்பட்டது, உணவாகவோ தீவனமாகவோ பயன்படுத்தக் கூடாது" என்று இருக்கிறது. எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டேன். மிக்க நன்றி. அடுத்து வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்? செய்முறையில் இருந்த தவறுகளையும் சொல்லுங்கள்.

ஈரமண்:

"முளைகட்டுவதற்கு" அல்லது "மைக்ரோகிரீனுக்கு" என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, விதை நேர்த்தி செய்யாதது என்றும் எழுதியிருக்க வேண்டும். இயற்கை முறை விதை என்று மட்டும் போட்டிருந்தால், பூச்சு இருக்காது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். கிருமி இருக்காது என்பதற்கு அல்ல. முளை விதையாக விற்பவர்களில் சிலர் ஒவ்வொரு தொகுதியையும் நுண்ணுயிர்ச் சோதனை செய்து அதைக் குறிப்பிடுவார்கள். பாட்டிலில் போடுவதாக இருந்தால் அதையே தேடி வாங்குங்கள்.

வாங்கியதும் 50 விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். மூன்று நாளில் 45க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 40க்குக் கீழே என்றால் தட்டுக்கும் வேண்டாம், பாட்டிலுக்கும் வேண்டாம். முளைக்காத ஒவ்வொரு விதையும் அங்கேயே ஊறி அழுகி, பூஞ்சணத்துக்குத் தீனியாகும்.

விதைக்கூடை:

தட்டைப் பற்றி நான் சொல்கிறேன். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையே அழுகியிருக்கிறது என்றால், அந்த டப்பாவில் எவ்வளவு ஈரமும் நெரிசலும் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் வந்த வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் பூஞ்சணம் அல்ல, வேர்த்தூவி, அதாவது வேரில் வளரும் மெல்லிய இழைகள். முள்ளங்கி, கடுகு வகைகளில் இது மிகவும் அடர்த்தியாக வரும். அடையாளம் காண எளிய வழி உண்டு: தண்ணீரைத் தெளியுங்கள். தூவிகள் உடனே வேரோடு படிந்து கண்ணுக்கே தெரியாமல் போகும், காய்ந்ததும் மறுபடி விரியும். ஒவ்வொரு வேரையும் சுற்றிச் சீராக, வேரில் மட்டும் இருக்கும், வாடை வராது. பூஞ்சணம் அப்படியில்லை. சிலந்தி வலை மாதிரி ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குத் தாவும், தண்டின் மேலும் ஏறும், தண்ணீர் தெளித்தாலும் மறையாது, மக்கிய வாடை வரும். இது தெரியாமல் நல்ல தட்டைக் குப்பையில் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஐந்தாம் நாள் வட்டமாகச் சாய்ந்தது வேறு. அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் தண்டை மண்மட்டத்தில் தாக்கி அறுக்கும். உங்கள் தட்டில் அதற்கு வேண்டிய எல்லாமே இருந்தன: ஓட்டையில்லாத டப்பா, மேலிருந்து இரண்டு வேளை ஸ்பிரே, 30 டிகிரி, மூன்று மடங்கு விதை.

விதைக் கணக்கு இப்படி: 25 × 50 செ.மீ தட்டுக்கு முள்ளங்கி 25 முதல் 35 கிராம். பரப்பு 1,250 சதுர செ.மீ. உங்கள் டப்பா 300 சதுர செ.மீ, ஆக 6 முதல் 8 கிராம் போதும். நீங்கள் போட்டது 20. வெப்பம் 27ஐத் தாண்டும் அறையில் 6 கிராமோடு நிறுத்துங்கள். விதையும் விதையும் தொட்டுக்கொள்ளலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது.

டப்பாவின் அடியில் 4 மி.மீ அளவில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, அதை ஓட்டையில்லாத இன்னொரு டப்பாவுக்குள் வையுங்கள். நார்த்தூளை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். கழுவாத தூளில் உப்பு இருக்கலாம், அப்படி இருந்தால் முளைக்கும் வேரின் நுனி கருகும். கைப்பிடி அளவு எடுத்து இறுக்கினால் ஓரிரு சொட்டு மட்டும் விழ வேண்டும். நூலாக ஒழுகினால் ஈரம் அதிகம். 2 செ.மீ உயரம் நிரப்பி, அட்டையால் அழுத்திச் சமப்படுத்துங்கள். விதையை ஊறவைக்காமல் காய்ந்தபடியே தூவி ஒரே ஒரு முறை நன்றாக ஸ்பிரே செய்யுங்கள். மேலே தூள் போட்டு மூட வேண்டாம். மூடினால் முளை அதைத் தலையில் சுமந்துகொண்டு எழும், அறுவடையில் ஒவ்வொரு இலையிலும் துகள் இருக்கும்.

மூடுவதற்குப் பதிலாக எடை வையுங்கள். உள்ளே அளவாகப் பொருந்தும் சுத்தமான தட்டையான பலகையோ தட்டோ வைத்து, அதன்மேல் 700 கிராம் முதல் 1 கிலோ வரை பாரம். கேட்கும்போது விதை நசுங்கிவிடாதா என்று தோன்றும். நசுங்காது. பாரம் இல்லையென்றால் வேர் உள்ளே இறங்காமல் செடியையே மேலே தூக்கிவிடும். வேர் வெளியில் தெரிந்து காயும். பாரத்தை எதிர்த்துத் தள்ளும்போது செடிக்குள் எத்திலீன் கூடும், அதனால் தண்டு நீளுவதை விட்டுப் பருமனாகும். எழும்போது உரசி விதைத்தோலும் கழன்றுவிடும். உங்களுக்கு ஒல்லித் தண்டும் ஒட்டிய தோலும் சேர்ந்தே வந்ததற்குக் காரணம் இந்தப் பாரம் இல்லாததுதான்.

சுமார் 48 மணி நேரத்தில் முளைகள் பலகையை ஒரு செ.மீ அளவுக்குத் தூக்கியிருக்கும். அப்போது பாரத்தை எடுத்துவிட்டு, இன்னொரு டப்பாவைக் கவிழ்த்து ஒரு நாள் மட்டும் இருட்டு. மூன்றாம் நாள் முடிவில் வெளிச்சத்துக்கு. முள்ளங்கிக்கு இதற்கு மேல் இருட்டு வேண்டாம், அது தானாகவே வேகமாக நீளும் ரகம்.

வெளிச்சத்துக்கு வந்த பிறகு மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. அடி டப்பாவில் 80 முதல் 100 மி.லி ஊற்றி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அடுத்து எப்போது ஊற்றுவது என்பதைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டப்பாவைத் தூக்கிப் பாருங்கள். ஊற்றியதும் இருந்த கனம் கைக்கு நினைவிருக்கும். அது தெளிவாகக் குறைந்த பிறகே மறுபடி. பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, 30 டிகிரியில் இரண்டு முறை ஆகலாம்.

மஞ்சள் நிறம் வெளிச்சமின்மைதான், ஒரு நாள் வெளிச்சத்தில் பச்சையாகிவிடும். ஆனால் வெளிச்சத்தைத் தேடி நீண்டுபோன தண்டு குட்டையாகாது. சன்னல் போதாதென்றால் சாதாரண 6500 கெல்வின் வெள்ளை எல்இடி குழல் விளக்கை 20 செ.மீ உயரத்தில், தினம் 14 மணி நேரம். தனியாக ஊதா விளக்கு எதுவும் வேண்டாம். சிறிய விசிறி ஒன்று சுவரைப் பார்த்து மெதுவாகச் சுழன்றால் நாற்றழுகல் வெகுவாகக் குறையும். செடியை நேராகப் பார்த்து ஊத வேண்டாம்.

உரம் தேவையில்லை. இந்த ஒரு வாரமும் செடி வித்திலையில், அதாவது முதலில் விரியும் இரண்டு இலைகளில், சேர்த்து வைத்திருப்பதை வைத்தே வளர்கிறது.

அலசல்:

பாட்டிலில் நடந்ததைச் சொல்கிறேன்.

1 லிட்டர் பாட்டிலுக்கு 20 கிராம் விதைதான், சுமாராக இரண்டு மேசைக்கரண்டி. முளைத்து முடியும்போது எடை கிட்டத்தட்ட ஐந்து மடங்காகும், இடத்தையோ இன்னும் அதிகமாக அடைத்துக்கொள்ளும். 60 கிராம் போட்டால் நடுவில் காற்றே போகாது. முளைக்கும் விதை மூச்சு விடுகிறது, அதோடு சூட்டையும் வெளியிடுகிறது. குவியலின் நடுவில் விரலை விட்டால் அறையைவிடச் சூடாக இருப்பது தெரியும். அந்தச் சூட்டில், காற்றில்லாமல், தேங்கிய தண்ணீரில் பாக்டீரியா பெருகும். புளித்த வாடையும் வழவழப்பும் அதன் வேலை.

ஊறல் 6 மணி நேரம் போதும், வெயில் நாளில் 4. முள்ளங்கி சின்ன விதை, 12 மணி நேரம் தண்ணீருக்குள் கிடந்தால் மூச்சுத் திணறி ஒரு பங்கு இறந்துபோகும். உங்களுக்குப் பாதி முளைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

மூடியைக் கழற்றிவிட்டு துருப்பிடிக்காத கம்பி வலையோ மெல்லிய துணியோ கட்டுங்கள். வடித்த பிறகு பாட்டிலை வாய் கீழாக 45 டிகிரி சாய்த்து ஒரு கிண்ணத்தில் நிறுத்துங்கள். விதைகள் வாயை முழுக்க அடைத்துவிடாமல், ஒரு பக்கமாகப் பரவியிருக்க வேண்டும், மேல்பாதி வழியாகக் காற்று போகும். 20 டிகிரியில் தினம் இரண்டு அலசல், 25க்கு மேல் மூன்று, 28க்கு மேல் நான்கு. அலசல் என்றால் நனைப்பது இல்லை. பாட்டில் நிறையக் குளிர்ந்த தண்ணீர் பிடித்துச் சுழற்றி, கொட்டி, மறுபடி பிடித்துக் கொட்டி, கடைசியில் பாட்டிலை உதறி ஒட்டுத் தண்ணீரையும் வெளியேற்ற வேண்டும். முளைகள் ஈரமாக இருக்கலாம், தண்ணீரில் நிற்கக் கூடாது.

நான்காம் ஐந்தாம் நாள் வித்திலை மஞ்சளாக விரியும். கடைசி நாளில் பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல் வைத்தால் பச்சையாகும். பிறகு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு முளைகளைக் கலைத்துவிட்டால் தோல் பாதி மிதக்கும், பாதி அடியில் தங்கும். நடுவில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். கடைசி அலசலுக்குப் பிறகு 8 மணி நேரம் வடிய விட்டு, தொட்டால் ஈரம் ஒட்டாத நிலையில் பிரிட்ஜில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் இரண்டே நாளில் வழவழப்பு வந்துவிடும்.

ஒரு விஷயத்தில் விதைக்கூடையிடமிருந்து மாறுபடுகிறேன். தட்டில் போடும் விதையையும் 3, 4 மணி நேரம் ஊறவைத்தால் எல்லாம் ஒன்றுபோல முளைக்கும். அவர் காய்ந்த விதையையே தூவச் சொல்கிறார்.

விதைக்கூடை:

ஒன்றுபோல முளைக்கும் என்பது சரி. ஆனால் ஊறிய முள்ளங்கி விதை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாக விழும், சீராகத் தூவுவது புதியவர்களுக்குக் கடினம். கொத்து விழுந்த இடத்தில்தான் நாற்றழுகல் தொடங்கும். ஊறலால் கிடைப்பது அரை நாள் லாபம். நார்த்தூளில் காய்ந்த விதையே மேல். சணல் விரிப்பிலோ நான்கைந்து மடிப்புக் காகிதத் துண்டிலோ வளர்த்தால் நீங்கள் சொல்வது பொருந்தும், அங்கே ஈரம் விரைவில் காய்ந்துவிடும் என்பதால் ஊறிய விதை முந்திக்கொள்ளும்.

வித்திலை:

இதுவரை சொன்னது எல்லாம் விளைச்சலைப் பற்றியது. சாப்பிடும் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். முக்கியமாகப் பாட்டில் முளைக்கு.

முளைக்கு வேண்டிய ஈரமும் இளஞ்சூடும் சால்மொனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா போன்ற கிருமிகளுக்கும் பிடித்தமானவை. கிருமி பெரும்பாலும் விதையோடுதான் வருகிறது, தோலின் நுண் விரிசல்களில் இருக்கும். விதையில் சொற்பமாக இருப்பது நான்கு நாளில் பல மடங்காகும். வாடை, நிறம் எதிலும் தெரியாது. 1996இல் ஜப்பானின் சகாய் நகரில் ஈ.கோலை ஓ157 தொற்றில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் நோயுற்றபோது, மதிய உணவில் இருந்த வெள்ளை முள்ளங்கி முளையையே அரசின் விசாரணை சுட்டியது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் உயிரிழப்புகளே நேர்ந்தன.

வீட்டில் செய்யக்கூடிய விதைச் சுத்திகரிப்பு இது: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சிறு பாத்திரத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். விதையைச் சல்லடையில் போட்டு அதில் 5 நிமிடம் அமிழ்த்தி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை அசைத்துவிடுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் கழுவி, விதைக்கு மேல் 2, 3 செ.மீ தண்ணீர் நிற்கும்படி விட்டு, மிதக்கும் விதையையும் குப்பையையும் எடுத்து எறியுங்கள்; கிருமி அதிகம் இருப்பது அந்த மிதவையில்தான். வெப்பமானி கட்டாயம். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் விதை செத்துவிடும். பயன்படுத்திய பெராக்சைடை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

இதைச் செய்தாலும் அபாயம் குறையுமே தவிர, முழுதாக நீங்காது. சிறு குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் முளையைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், உள்ளேயும் நன்றாகச் சூடேறும்வரை வேகவைத்தே கொடுங்கள். வெந்தால் காரம் போய்விடும் என்பது உண்மைதான். முள்ளங்கியின் காரம், திசு நசுங்கும்போது மைரோசினேஸ் என்ற நொதி குளுக்கோசினோலேட் எனும் கந்தகச் சேர்மங்களைக் காரமான ஐசோதயோசயனேட்டுகளாக மாற்றுவதால் வருவது. சூட்டில் அந்த நொதி செயலிழக்கும். காரத்துக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மைக்ரோகிரீனில் அபாயம் ஒப்பீட்டளவில் குறைவு. காற்றும் வெளிச்சமும் படுகிறது, விதையும் வேரும் தட்டிலேயே நின்றுவிடுகின்றன, தண்டும் இலையும் மட்டும் வருகின்றன. எதை முதலில் பழகுவது என்று கேட்டீர்கள், தட்டுதான் என்பேன்.

சன்னலோரம்:

மூன்று மடங்கு விதை, இரண்டு மடங்கு ஊறல், பாரம் இல்லை, ஓட்டை இல்லை. இப்போது புரிகிறது. தட்டையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்று சந்தேகம் மட்டும். எந்த நாளில் வெட்ட வேண்டும்? வெட்டினால் மறுபடி துளிர்க்குமா? அதே நார்த்தூளில் அடுத்த முறையும் போடலாமா?

விதைக்கூடை:

இரண்டு வித்திலையும் முழுக்க விரிந்து, நடுவில் உண்மையான இலை குருத்தாக எட்டிப்பார்க்கும் நேரம்தான் பதம். உயரம் 6 முதல் 8 செ.மீ, விதைத்து 7 அல்லது 8 நாள். 28 டிகிரிக்கு மேல் ஆறாம் நாளே வந்துவிடலாம். முள்ளங்கியில் இந்தப் பதத்தைத் தவறவிடக் கூடாது. உண்மையான இலையில் சொரசொரப்பான சுணை இருக்கும், தண்டும் நாராகிவிடும், காரம் ஏறும்.

வெட்டும் நாளில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், முந்தின நாள் ஊற்றியதோடு சரி. கூரான கத்தரியால் நார்த்தூளுக்கு ஒரு செ.மீ மேலே வெட்டுங்கள். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் பிரிட்ஜில் முதலில் அழுகும். தோல் ஒட்டியிருந்தால் வெட்டுவதற்கு முன்பே உள்ளங்கையை இலை மேல் இலேசாக அங்குமிங்கும் தடவிவிடுங்கள், உதிர்ந்துவிடும். கழுவாமல், காகிதத் துண்டு விரித்த மூடிய டப்பாவில், 5 டிகிரிக்குக் கீழே ஒரு வாரம் நன்றாக இருக்கும். கழுவுவது சாப்பிடும் முன்.

மறுபடி துளிர்க்காது. வளரும் நுனி வித்திலைகளுக்கு நடுவில் இருக்கிறது, நீங்கள் வெட்டி எடுப்பதில் அதுவும் போய்விடுகிறது.

நார்த்தூளை அப்படியே திரும்பப் பயன்படுத்தாதீர்கள். வேர்ப்பாய் முழுக்க இறந்த வேரும் முளைக்காத விதையும் இருக்கும், முந்தின தட்டில் நாற்றழுகல் இருந்திருந்தால் அதுவும் அங்கேயே காத்திருக்கும். பாயாகவே உருவி எடுத்து உரக்குழியில் போட்டால் மக்கிவிடும். ஆனால் இந்த முறை உள்ளது பூஞ்சைக்கொல்லி பூசிய விதை விழுந்த தூள், அதை உரத்திலும் சேர்க்க வேண்டாம். டப்பாவைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு அடுத்த விதையைப் போடுங்கள்.

ஈரமண்:

ரகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் இதை மட்டும். வெள்ளை டைகான் ரகம் விசாலமான பச்சை இலையும் வெள்ளைத் தண்டுமாக வரும். முதல் முறைக்கு இதுவே நம்பகமானது. சைனா ரோஸ் ரகத்துக்கு இளஞ்சிவப்புத் தண்டு. ராம்போ ரகம் இலையும் தண்டும் கருஞ்சிவப்பு, அந்த நிறம் வெளிச்சம் பட்டால்தான் கூடும். அதனால் அதைத் தட்டில் போடுங்கள், இருட்டுப் பாட்டிலில் போட்டால் வெளிறிப்போகும். ராம்போ தண்டு சிவந்திருப்பது இயல்பு. ஊறிய தண்ணீர் இளஞ்சிவப்பாவது, எந்த ரகமாக இருந்தாலும், பாக்கெட்டை மறுபடி படிக்க வேண்டிய அறிகுறி.